ஒரு சுவடும் பலர் உரிமையும்

மலை ஒன்று, பெயர் பல. ஈழத்தின் நடுமலைநாட்டுத் தென்மேற்கு விளிம்பிலே, கூப்பிய கைபோல எழுந்து நிற்கும் கொடுமுடி ஒன்றைச் சைவராகிய நாம் சிவனொளிபாதமலை என்கின்றோம். பௌத்தர் அதனை ஸ்ரீபாதம் என்றும் சமனல கந்த என்றும் வழங்குவர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். கிறித்தவருள்ளும் சிலர் அதனைத் தோமா முனிவரின் அடிபட்ட இடம் எனக் கருதியதுண்டு. அதன் உச்சிப் பாறையிலே ஏறக்குறைய ஆறடி நீளமுள்ள ஒரு பள்ளம் இருக்கின்றது. இத்துணைச் சமயத்தாரும் ஏறிச் சென்று போற்றுவது அப்பள்ளம் ஒன்றனையே.

ஒரு பாறையிற் பதிந்த ஒரு சுவடு ஒருவருடையதாகத்தானே இருத்தல் கூடும்? ஒருவருடையதாயின் மற்றையோர் கூற்றெல்லாம் பொய்யாதல் வேண்டுமன்றோ? பிறர் பொய்யை நம்பி வருகின்றார் என்று உள்ளத்தே கருதிக்கொண்டு, அவரோடு ஒரே படியில் உடன் ஏறுதல் நட்பாகுமோ, நாணயக்கேடாகுமோ? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இது மலையைப் பற்றிய வினா மட்டுமன்று. சைவக் குடியும் முஸ்லிம் குடியும் வேலிக்கு வேலி அணுகி வாழும் கல்முனைக் கரையிலே, நாள்தோறும் நம் வாசலில் வந்து நிற்கும் வினாவும் இதுவேயாம்.

சென்ற ஆண்டு மாசித் திங்களில் எம்மூரன்பர் சிலரோடு யாம் அம்மலைக்குப் புறப்பட்டோம். மார்கழியை ஒட்டி வரும் உந்துவப் பூரணை முதல் வைகாசியில் வரும் வெசாக் பூரணை வரையே யாத்திரைக்குரிய காலமாகும். மற்றைத் திங்கள்களிற் காற்றும் மழையும் மலையைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளும். கல்முனையினின்று அம்பாறை, மகா ஓயா, மகியங்கனை என்னும் ஊர்களைக் கடந்து கண்டியை அடைந்து, ஆண்டு நின்று அற்றன் சென்று, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி என்னும் அடிவாரத்தை எய்தினோம். கடல்மட்டத்தில் நெல்லும் தென்னையும் கண்டு வளர்ந்த கண்களுக்குத் தேயிலைச் சரிவுகளும் முகிற்படலமும் வேறோர் உலகமாகவே தோன்றின.

எம்மொடு மருதமுனையிலிருந்து முதியவர் ஒருவரும் வந்தார். அவர் கைத்தறி நெசவாளர். அகவை எழுபதைக் கடந்தவர். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். அவர் தந்தையார் இளமையில் ஒருமுறை அம்மலை ஏறியதாகச் சொல்லக் கேட்டு, அந்தக் கண்கொண்டு கண்டதைத் தாமும் காணவேண்டும் என்று பல்லாண்டு எண்ணியிருந்தவர். அவரை யாம் காக்கா என்றே அழைப்பது வழக்கம். அவர் எம்மைத் தம்பி என்பார்.

அற்றன் வழியிற் படிகள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டன. மலையின் உயரம் 2,243 மீற்றர், அஃதாவது 7,359 அடி. இலங்கையில் இதனினும் உயர்ந்த மலைகள் உண்டு. பீதுருதாலகாலை 2,524 மீற்றர் உயரமுடையது. ஆயினும் இதுபோலத் தனித்து நிற்பதும், கடலிற் செல்வார் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே புலப்படுவதும் பிறிதொன்றில்லை. நள்ளிரவில் ஏறத் தொடங்கினால் விடியற்கு முன்னர் உச்சியை அடையலாம். சீத கங்குல என்னும் குளிர்ந்த நீரோடையிலே பௌத்தர் நீராடி வெள்ளுடை புனைகின்றனர். முதன்முறை ஏறுவாரைக் கோடுகாரர் என்றும், கூட்டத்தை நடத்திச் செல்லும் முதுவரை நடே குரு என்றும் சிங்களவர் அழைப்பர். ஏறுவாரும் இறங்குவாரும் எதிர்ப்படுங்கால் 'கருணாவய்' என்று ஒருவரையொருவர் வாழ்த்துகின்றனர். அச்சொல்லைக் கூறுவார் எதிர்வருபவர் எச்சமயத்தார் என்று வினவுவதில்லை. இருளில் முகமும் தெரிவதில்லை. மூச்சு வாங்கும் ஒலி ஒன்றே தெரிகின்றது.

ஏறும் வழியில் இந்திகடுபான என்றோர் இடம் உண்டு. புத்தர் தம் சீவரத்தின் கிழிசலைத் தைக்க அவ்விடத்தே தங்கினார் என்பது பௌத்தர் மரபு. யாத்திரிகர் ஆண்டு ஊசியும் நூலும் இட்டு, வெண்ணூலை வழிநெடுக நீளவிடுவர். ஆயிரக்கணக்கான நூலிழைகள் விளக்கொளியில் வலைபோலப் படர்ந்து கிடந்தன. நெசவாளராகிய காக்கா அங்கே நின்றுவிட்டார். குனிந்து ஓரிழையை விரலாற் தொட்டுப் பார்த்தார். பின்னர், அருகிருந்த கல்லில் அமர்ந்து எம்மை நோக்கி, "தம்பி, உங்களுக்கு அது சிவனுடைய பாதம், இவர்களுக்குப் புத்தருடைய பாதம், எங்கள் முன்னோருக்கு ஆதம் நபியுடைய பாதம். ஒன்று மெய்யென்றால் இரண்டு பொய். நாம் மூவரும் சேர்ந்து ஏறுகிறோமே, இதிலே யார் யாரை ஏமாற்றுகிறோம்?" என்று கேட்டார்.

யாம் சைவ சமயத்தார் வழக்கமாகக் கூறும் விடையையே கூறினோம். எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாகி நின்று அருள் புரிபவன் சிவபெருமானே என்று அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே தெளிவுறுத்தியிருத்தலின், எவ்வழியில் ஏறினும் சென்று சேர்வது ஒன்றே என்றோம். இவ்விடை அவரை மகிழ்விக்கும் என்று எண்ணினோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "அப்படியென்றால், நான் என் அல்லாஹ்வைத் தொழும்போதும் உங்கள் கணக்கிலேதான் வரவு வைக்கிறீர்கள். இது விருந்துக்கு அழைப்பதா, வீட்டை வளைத்துக்கொள்வதா?" என்றார். சினந்து கூறினாரல்லர், முறுவலோடு கூறினார். அதனாலேயே அச்சொல் எம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எஞ்சிய படிகளெல்லாம் அவ்வினாவோடே ஏறினோம்.

அன்பர்களே, இனி அவ்வினாவை முறையாக ஆராய்வோம். முதற்கண், ஒவ்வொருவர் உரிமைக்கும் அடிப்படை யாது என்று நேர்மையோடு நோக்குதல் வேண்டும். பௌத்தர்க்கு மகாவமிசம் சான்று பகர்கின்றது. புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு எழுந்தருளியபோது களனியை அடுத்துச் சமந்தகூடத்திலே அடிச்சுவடு பதித்தார் என்று அந்நூல் கூறும். முஸ்லிம்களின் மரபு அராபியக் கடலோடிகள் வழியாகத் தொன்றுதொட்டு வருவது. ஆயினும் குர்ஆனில் இம்மலையின் பெயர் இல்லை. அதனை அறிந்த முஸ்லிம் அறிஞர் பலர் இம்மலையை மதிப்பதன்றி வழிபாட்டுக்குரியதாகக் கொள்வதில்லை. சைவராகிய நமக்கோ? தேவாரப் பாடல்பெற்ற ஈழத்துத் தலங்கள் திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும் ஆகிய இரண்டே. சிவனொளிபாதம் அவற்றுள் ஒன்றன்று. நம் உரிமை நெடுநாள் வழக்கால் வந்தது. அடியார் பலர் நடந்த நடையால் வந்தது. அது சிறியதன்று, ஆனால் அஃது ஆவணம் காட்டி நிறுவத்தக்க உடைமையுமன்று.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. இன்று உச்சியிலே நாம் காணும் சுவடு மேலே வைத்த மூடுகல்லின் வடிவமே என்றும், உண்மைச் சுவடு அதன்கீழ் நீலமணிமேற் பதிந்துள்ளது என்றும் பௌத்தரே நம்புகின்றனர். அங்ஙனமாயின், யாருடையது என்று வழக்கிடப்படும் பொருளை வழக்கிடுவார் எவரும் கண்டாரல்லர். காணாத ஒன்றனுக்காக அன்பு செலுத்துதல் சமயத்தின் இயல்பு. காணாத ஒன்றனுக்காக வேலியிடுதல் யாருடைய இயல்பு என்பதே ஆராயத்தக்கது.

இனி வரலாற்றை நோக்குவாம். இம்மலை பற்றி நாம் பெருமையோடு நினைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றும், நாணத்தோடு நினைக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றும் உள்ளன.

முன்னையது 1344ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இப்னு பதூதா இலங்கையின் மேல்கரையில் வந்திறங்கியபோது, அங்கிருந்த தமிழ் அரசன் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று, வேண்டுவது யாதென வினவினன். ஆதத்தின் பாதத்தைக் காண்பதன்றித் தமக்கு வேறு விருப்பம் இல்லை என்று அவர் விடை பகர்ந்தார். அரசன் அவருக்குப் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தன் பரிவாரத்தாருள் பதின்மரையும், உணவுப்பொருள் சுமப்பார் பதினைவரையும் உடன் விடுத்தனன். இச்செய்திகளை அவரே தம் பயண நூலிற் கூறியுள்ளார். மலையின் செங்குத்தான பகுதியில் இரும்புச் சங்கிலிகள் பத்துத் தொங்கின என்றும், இறுதிச் சங்கிலியைப் பற்றிக் கீழ்நோக்குவார் வீழ்ந்துபடுவோம் என்றஞ்சிக் கலிமாச் சொல்லுவராதலின் அதற்கு அப்பெயரே வழங்கிற்று என்றும் அவர் எழுதுகின்றார்.

இதன்கண் உள்ள பண்பாட்டை நுனித்து நோக்குமின். சைவனாகிய அரசன், முஸ்லிமாகிய விருந்தினர், வழிகாட்டிகள் இந்து யோகியர், மலை பௌத்தர் நிறைந்த நாட்டினது. நீ தேடுவது ஆதத்தின் பாதமன்று, எம் இறைவன் பாதமே என்று அவ்வரசன் வாதிட்டதாக அந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வாறு எண்ணி இருந்திருக்கவும் கூடும். எண்ணியும் பல்லக்கைக் கொடுத்தான் என்பதே அவன் பெருமை.

இதனையடுத்து 1409ஆம் ஆண்டினைத் தன்கண் பொறித்துள்ள காலிக் கல்வெட்டினையும் கருதுக. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் வரவை ஒட்டி நிறுவப்பட்ட அக்கல்லிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகள் உள்ளன. சீனப்பகுதி புத்தர்க்கும், தமிழ்ப்பகுதி தெய்வத்துறைத் தேனவரை நாயனார்க்கும், பாரசீகப்பகுதி அல்லாஹ்வுக்கும் உரிய காணிக்கைகளைக் கூறும். மூன்றும் ஒன்றென்று அக்கல் சாற்றவில்லை. மூன்றனுக்கும் தனித்தனியே உரிய மதிப்பைத் தந்து ஒரே கல்லில் நிற்கின்றது. 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்ட அது இன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது.

இனி நாணத்தக்க நிகழ்ச்சியைக் கூறுவாம். 1581 முதல் 1593 வரை சீதாவாக்கையிலிருந்து ஆண்ட முதலாம் இராசசிங்கன் தந்தையைக் கொன்ற பழிக்குக் கழுவாய் வேண்டிப் பிக்குகளை வினவினான் என்றும், அப்பழி தீராது என்று அவர் கூற, சினந்து சைவத்தைத் தழுவிப் பிக்குகளைத் துன்புறுத்தினான் என்றும், சமந்தகூடத்தின் வருவாயைச் சைவ ஆண்டிகளுக்கு வழங்கினான் என்றும் சூளவமிசம் கூறும். அந்நூல் பௌத்தர் எழுதியதாகலின் கூறியன அனைத்தையும் அவ்வாறே ஏற்றல் வேண்டா என்பார் உளர். அது தக்கதே. ஆயினும், அரசாணையால் அம்மலை நம்மவர் கையில் வந்து, ஒன்றரை நூற்றாண்டளவு அங்ஙனமே இருந்தது என்பது மறுக்கப்படுவதன்று. பின்னர், 1747 முதல் 1782 வரை கண்டியில் ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனை மீட்டுப் பௌத்த சங்கத்தார்க்கு அளித்தான். அவன் தமிழகத்து நாயக்கர் குடியில் வந்தவன். சைவ வைணவ வழிபாட்டுச் சூழலிற் பிறந்து வளர்ந்தவன் என்பதும் ஈண்டு மறக்கற்பாலதன்று.

நம்மவருட் சிலர் முதலாம் இராசசிங்கன் காலத்தைச் சைவத்தின் பொற்காலமாகக் கூறி மகிழ்வதைக் கேட்டிருக்கின்றோம். அம்மகிழ்ச்சி நமக்குத் தகுமோ? அவன் கொடுத்தது அவனுடையதன்று. தன்னுடையதல்லாத பொருளைக் கொடுத்தல் தானமாகாது. அதனைப் பெற்றவர் கொடுத்தவன் கையை நோக்கினாரல்லர். அக்கையிற் குருதி இருந்ததாக நாட்டார் பேசியதையும் கேட்டாரல்லர். சிவபுண்ணியம் என்னும் பெயரால் பிறர் கண்ணீரை ஏற்றுக்கொண்டார். அக்காலத்தே அம்மலை நம் கையில் இருந்தது. திருவடி இருந்ததோ என்று ஐயுறுகின்றோம்.

சைவ சித்தாந்தத்தில் திருவடி என்பது வெறும் பாதமன்று. இறைவன் திருவருளுக்கு அஃதோர் பெயர். அத்திருவருள் பதிதற்குத் தடையாக நிற்பது ஆணவ மலம். அம்மலத்தின் செயல் யான் என்றும் எனது என்றும் தோன்றும். வீடு எனது, நிலம் எனது என்பதினும் நுண்ணியதும் கொடியதும் யாதெனின், கடவுள் எனது என்பதேயாம். திருவடியைத் தேடி மலையேறியவன், உச்சியில் நின்று இம்மலை எனது என்பானாயின், ஏறிய படியெல்லாம் அவனுக்கு இறங்கிய படியே. இது பிறசமயத்தார்க்கு யாம் கூறும் அறிவுரையன்று. நம் சமய நூல்கள் நமக்குக் கூறுவது.

அற்றேல், எல்லாச் சமயமும் ஒன்று, எக்கொள்கையும் மெய்யே என்று கூறிவிடலாமோ எனின், கூறலாகாது. அது வினாவுக்கு விடையன்று. வினாவினின்றும் தப்பி ஓடுதல். உயிரும் இறையும் பாசமும் அநாதி என்னும் நம் கொள்கையும், நிலைத்த ஆன்மா இல்லை என்னும் பௌத்தர் கொள்கையும் ஒன்றல்ல. உருவத் திருமேனியை வழிபடும் நம் நெறியும், இறைவனுக்கு உருவம் கற்பித்தலாகாது என்னும் இசுலாமிய நெறியும் ஒன்றல்ல. வேறுபாட்டை மறைத்துக் காட்டும் ஒற்றுமை, ஈரச்சுவரிற் பூசிய சுண்ணம்போல ஒரு மழைக்கும் நில்லாது.

ஆயின் விடை யாது? உரிமை என்னும் ஒரு சொல்லுள் மூன்று பொருள் கலந்து கிடக்கின்றன. ஒரு தலத்தைப் பேணிக் காக்கும் பொறுப்பு ஒன்று. அங்குச் சென்று வணங்கும் உரிமை ஒன்று. அதன் மெய்ப்பொருள் இன்னதென்று கொள்ளும் கொள்கை ஒன்று. இவற்றுள் பேணும் பொறுப்பு ஒருவர் கையிலிருத்தல் ஒழுங்குக்கு நன்று. ஸ்ரீபாதத்தில் அது பௌத்த சங்கத்தாரிடம் உள்ளது. அதுபற்றி நமக்குக் குறையில்லை. பேணுதல் தொண்டு, அது சொந்தம் ஆகாது. வணங்கும் உரிமை பலர்க்கும் பொதுவாகலாம். ஒருவர் வணங்கியதால் மற்றவர்க்குரிய வணக்கம் குறைந்துபோவதில்லை. கொள்கையோ ஒவ்வொருவர்க்கும் முழுமையாக உரியது. அதனைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளவும் இயலாது, பகிர்ந்துகொள்ளவும் வேண்டா. இம்மூன்றையும் பிரித்தறியாது, கொள்கை என்னுடையதாதலின் பேணுதலும் என்னுடையது, பேணுதல் என்னுடையதாதலின் உன் வணக்கம் கூடாது என்று ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றும்போதே பகை பிறக்கின்றது.

ஆகவே, காக்கா கேட்ட முதல் வினாவுக்கு எம் விடை இது: யாம் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. அவர் கொள்கையை யாம் மெய்யென ஒப்பியதாக அவரிடம் நடித்தோமல்லோம், அவரும் நடித்தாரல்லர். தம்முள் மாறுபட்டார் என்பதை அறிந்தே இருவர் உடன் நடத்தலின் நாணயக்கேடு இல்லை. அறியாதார் போல நடிப்பதிலேதான் உண்டு.

இரண்டாம் வினாவே எம்மை வருத்தியது. எத்தெய்வமாகியும் சிவனே அருள்வான் என்னும் கொள்கை பிறர் வீட்டை வளைத்துக்கொள்வதோ? நெடிது சிந்தித்து யாம் தெளிந்தது வருமாறு. அக்கொள்கை நம் செருக்கை அடக்குதற்குச் சொல்லப்பட்டது. பிறர் வாயை அடக்குதற்கன்று. அயலான் வழிபாட்டைக் கண்டு இகழ எழும் நம் மனத்தை நோக்கி, அங்கும் அருள் உண்டு, இகழாதே என்று ஆசிரியர் ஆணையிடுகின்றார். அவ்வாணை நமக்கு இடப்பட்டது. அதனை எடுத்து அயலான் முகத்துக்கு நேரே நீட்டி, நீ வணங்குவதும் எம் கடவுளையே என்போமாயின், மருந்தை ஆயுதமாக மாற்றியவராவோம். அன்றிரவு யாம் செய்தது அதுவே. அடுத்த அம்பலத்தில் இதனை ஒளியாது காக்காவிடம் கூறிப் பொறுத்தருள வேண்டினோம். அவர், "எங்கள் ஆட்களிலும் உங்களைப் பற்றி அப்படிக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தம்பி, நடவுங்கள், விடிந்துவிடும்" என்றார்.

இனி, இவ்வாராய்ச்சி நம் கரைக்கு எவ்வாற்றாற் பயன்படும் என்பதைக் கூறுவாம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிருந்து தெற்காக ஊர்களை எண்ணின், தமிழூரும் முஸ்லிமூரும் மாறிமாறி வருதலைக் காண்போம். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம் முன்னோர் கூறியது இதனையே. தாய்வழிக் குடிமுறை இருபாலார்க்கும் உண்டு. கோயிலில் வண்ணக்கர் குடிவழி வருவதுபோலப் பள்ளிவாசலில் மரைக்காயர் குடிவழி வருதலும் இந்நிலத்து வழக்கு. கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றமும் பாண்டிருப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்பும் ஒரே கடற்காற்றில் நிகழ்வன. 1942இல் அரசாங்க அலுவலராகக் கல்முனைக்கு வந்த அ. மு. அ. அசீஸ் அவர்களும், காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலானந்த அடிகளும் நட்புப் பூண்டதும் இம்மண்ணின் வரலாறு.

அதே மண்ணின் வரலாற்றில் வேறு பக்கங்களும் உள்ளன. 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். அதே திங்கள் 12ஆம் நாள் வீரமுனைக் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். இறைவன் முன் நின்றாரைக் கொன்றார் எவராயினும், எப்பெயரால் கொன்றாராயினும், அவர் கொன்றது தாம் போற்றுவதாகக் கூறிய இறைவனையே. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டபோது, அது குடியையும் கொள்கையையும் வினவவில்லை. கோயிலும் பள்ளியும் பாடசாலையும் வந்தார்க்கெல்லாம் திறந்தன. ஆயினும், 2019 யூன் திங்களிலே கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி ஒருபால் உண்ணாநோன்பும், அதனை எதிர்த்து மறுபால் அறப்போராட்டமும் ஒரே நகரில் எதிரெதிரே நிகழ்ந்தன. எல்லை யாது, நிலம் யாருடையது என்னும் வழக்கு இன்னும் நம் நெஞ்சில் ஆறவில்லை.

எனது என்பதை விடுமின் என்று யாம் மேலே கூறியதை ஈண்டு ஒருவர் தவறாகக் கொள்ளுதல் கூடும். வலியவன் மெலியவனை நோக்கி, உன் எனதை நீ விடு என்பானாயின், அது துறவுபதேசமன்று, கொள்ளை. பிறரிடம் நாம் கேட்டு வாங்கும் துறவு துறவாகாது. பலாங்கொடைக்கு அணித்தான கூரகலையிலே முஸ்லிம்கள் போற்றிவந்த ஜெய்லானிப் பள்ளியைக் குறித்து 2013இல் எழுந்த பிணக்கையும், முல்லைத்தீவுக் குருந்தூர்மலையிலே 2021 முதல் அகழ்வாராய்ச்சியை ஒட்டி எழுந்த வழக்கையும் கண்டவர், வணங்கும் உரிமையே பறிபோமோ என்று அஞ்சுதல் இயற்கை. அவ்வுரிமையைச் சட்டத்தின் வாயிலாகவும் அறத்தின் வாயிலாகவும் காத்துக்கொள்ளுதல் கடமையே. பேணுவார் பேணுக, வணங்குவாரைத் தடுப்பது பேணுதலன்று.

ஆனால் அவ்வாறு கேட்குங்கால் நம்மை நாமே வினவ வேண்டுவன சில உள. மலை நம் கையிலிருந்த ஞான்று நாம் பிறர்க்கு அளித்தது யாது? நம் கோயில் வாயிலிலே நம்மவர்க்கே நாம் அளித்தது யாது? 1968இல் மாவிட்டபுரத்திலே, சைவரே சைவரைக் கோயிலுள் விடாது தடுத்து நின்றனர். தாழ்த்தப்பட்டோர் என்று நாம் பெயரிட்டு ஒதுக்கிய அன்பர் வாயிலில் அமர்ந்து அறப்போராட்டம் நடத்த நேர்ந்தது. பிறர் மலையில் நமக்கு இடம் வேண்டும் என்று கேட்கும் வாய், நம் கோயிலில் நம்மவர்க்கு இடம் இல்லை என்று சொல்லிய வாயாக இருத்தல் ஆகாது. ஆகலின் யாம் துணிந்த அளவுகோல் இது: நம் உடைமையைப் பற்றி எண்ணுங்கால் துறவியைப்போல எண்ணுக, பிறர் வழிபாட்டுரிமையைப் பற்றி எண்ணுங்கால் நீதிபதியைப்போல எண்ணுக. உலகம் பெரும்பாலும் இதனை மாற்றியே செய்கின்றது.

விடியற்கு முன்னர் உச்சியை அடைந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. முதல்முறை ஏறினார் மணியை ஒருமுறை அடிப்பர். பன்முறை ஏறினார் ஏறிய எண்ணுக்கேற்ப அடிப்பர். காக்கா ஒருமுறை அடித்தார்; யாமும் ஒருமுறை அடித்தோம். எமக்குப் பின்னே பேரன்மார் தாங்கிவந்த சிங்கள மூதாட்டி ஒருவர் அடித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வரை எண்ணினோம். அவர் நடுங்குதல் கண்டு, காக்கா தம் தறியில் நெய்து கொணர்ந்த போர்வையை எடுத்து அவர் தோளில் இட்டார். இருவர்க்கும் பொதுவான மொழி இல்லை. மூதாட்டி இரு கைகளையும் கூப்பினார். அவர் வலக்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

யாம் சுவட்டின்முன் வீழ்ந்து வணங்கித் திருவடித் துதி ஓதினோம். காக்கா வணங்கவில்லை, வணங்குமாறு யாமும் கூறவில்லை. ஒருபுறத்தே ஒதுங்கி, மேற்றிசை நோக்கி வைகறைத் தொழுகையை நிறைவேற்றினார். மற்றையோரெல்லாம் கிழக்கு நோக்கிக் கதிரவன் வரவை எதிர்பார்த்து நின்றனர். சிறிது போழ்தில் கதிரவன் எழுந்தான். எங்கும் சாது ஒலியும் அரகர ஒலியும் எழுந்தன. பின்னர் ஒருவர் சொல்ல, அனைவரும் திரும்பி மேற்கே நோக்கினோம். அங்கே மலையின் நிழல் முக்கோணமாய் முகிற்பரப்பின்மேல் நெடுந்தொலைவு படர்ந்து கிடந்தது. அந்நிழலில் எம் நிழலும் அடங்கியிருந்தது. எது யாருடையது என்று பிரித்தறிய இயலவில்லை. சிறிது சிறிதாக அது குறுகி மறைந்தது.

இறங்குங்கால் எதிரே ஏறிவந்தார்க்கு 'கருணாவய்' என்று முதலிற் கூறியவர் காக்காவே. அச்சொல்லின் பொருள் யாது என்று எம்மைக் கேட்டார். அருள் உண்டாகுக என்பது போன்றது என்றோம். "அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் ஏறினோமா? நம்மூர்த் தெருவிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அன்பர்களே, அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. விடையைத் தெருவிலேதான் தேடல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.